இரண்டு விசில் தண்ணீர்

கனகவல்லியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டு வகை. பொருளைத் தொலைத்தவர்கள், மானத்தைத் தொலைத்தவர்கள். முதல் வகையை வாசலிலேயே நிறுத்தி, "கட்டிலுக்கு அடியில பார்த்தீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். பத்தில் ஏழு பேருக்குப் பொருள் அங்கேதான் இருக்கும். இரண்டாம் வகைக்குத்தான் நாற்காலி.

அந்தப் புதன்கிழமை காலை ஹம்சாவுக்கு நாற்காலி கிடைத்தது.

கனகவல்லி லாலாகுடா ரயில்வே பணிமனையின் ரசாயனக் கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் எண்ணெயையும் தண்ணீரையும் உலோகத்தையும் சோதித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், சோதனைக்கு இல்லை. காலனிக்குப் பால் ஊற்றுகிறவர் அவர் வாசலுக்கு வருமுன் ஒருதரம் சாமி கும்பிட்டுக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். எதிரே உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்த எட்வின் அதே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். ஜோலார்பேட்டையிலிருந்து தாத்தா காலத்தில் ரயிலேறி வந்த குடும்பம். கனகவல்லியின் துப்பறிதலில் தனக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது அவர் நம்பிக்கை. ஸ்கூட்டர் அவருடையது என்பதால் அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சங்கத்துல மீட்டிங் போட்டிருக்காங்கம்மா," என்றாள் ஹம்சா. "என் ரூமைக் காலி பண்ணச் சொல்றதுக்கு."

காலனி சங்கக் கட்டடத்தின் பின்னறையில் பதினாலு வருஷமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள் ஹம்சா. பணிமனைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். அந்த அறை போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. அதைவிட, 'பிள்ளைங்களைக் கெடுத்தவ' என்ற பெயரோடு அங்கிருந்து போக வேண்டும்.

"கைக்கு? எதுக்காம்? என்ன பண்ணினே நீ?" என்றார் எட்வின் உள்ளூர் உருது கலந்து, பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுவதைக் கவனிக்காமல்.

"பல்லு அண்ணே. போன மாசம் ஸ்கூல்ல பல் முகாம் வச்சாங்கல்ல? நம்ம காலனிப் பசங்க பதிமூணு பேருக்குப் பல்லுல கறை. வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி கோடு, சில பேருக்குப் பழுப்பு. எல்லாரும் ஒம்பதுலேருந்து பன்னெண்டு வயசு. பேகம்பேட்லேருந்து வந்தாரே டாக்டர் ரஞ்சன், அவரு இது ஃப்ளோரோசிஸ்னு சொன்னாரு. பால் குடிக்கற வயசுலயே உடம்புல ஃப்ளோரைடு அதிகமாச் சேர்ந்தா, அப்புறம் முளைக்கிற பல்லு இப்படி வருமாம். பதிமூணுல பதினோரு பேரு சின்னதுல என்கிட்ட வளர்ந்தவங்க. மத்தியானம் சாப்பிட்டதும் நான் பல் தேய்ச்சு விடுவேன், ஸ்ட்ராபெரி பேஸ்ட்டு. பசங்க அதை முழுங்கிட்டாங்களாம். அதனாலதான் வந்துச்சாம்."

"முழுங்கினாங்களா?" என்றார் கனகவல்லி.

ஹம்சா பொய் சொல்லத் தெரியாதவள். "கொஞ்சம் முழுங்குவாங்கம்மா. இனிக்கும்ல."

"மீதி ரெண்டு பேரு?"

"அவங்க என்கிட்ட வந்ததே இல்ல. வீட்டுலயே வளர்ந்ததுங்க. டாக்டர்கிட்ட கேட்டேன். விதிவிலக்குன்னு சொல்லிட்டாரு."

கனகவல்லி சிரிக்கவில்லை. சிரிப்பதற்குப் பதில் கண்ணாடியைத் துடைப்பது அவர் வழக்கம். இப்போது துடைத்தார்.

"பானு நேத்துலேருந்து பாப்பாவைக் கொண்டு வர்றதில்ல," என்றாள் ஹம்சா தரையைப் பார்த்தபடி. "ஒண்ணரை வயசு. பக்கத்து வீட்டுல யார்கிட்டயோ விட்டுட்டு வேலைக்குப் போறா. தெருவுல என்னைப் பார்த்தா முந்தானையை இழுத்து அதோட முகத்தை மூடறா."

கனகவல்லி டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"குழந்தைங்க உன்கிட்ட என்ன தண்ணி குடிக்கும்?"

"அவங்கவங்க வீட்டுத் தண்ணிதாம்மா. யாரு வீட்டுத் தண்ணியை யாரு குடிக்கறதுன்னு ஆரம்பத்துலயே ஒரு பெரிய பஞ்சாயத்து வந்துச்சு. எதுக்கு வம்புன்னு அன்னிக்கே சட்டம் போட்டுட்டேன். பாட்டில், பால் பவுடர் கரைக்கற வெந்நீர், கேழ்வரகுக் கஞ்சி, எல்லாம் வீட்டுலேருந்து பேரு ஒட்டி வரணும். என் வீட்டுத் தண்ணில பசங்க காலைக்கூடக் கழுவினதில்ல."

"இதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொல்ல ஆரம்பிச்சேன். அவரு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு."

கனகவல்லி எழுந்தார். "உன் பழைய வருகை நோட்டெல்லாம் இருக்கா?"

பதினாலு வருஷத்து நோட்டும் இருந்தது. எந்தக் குழந்தை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை முறை பால் குடித்தது, எந்த நாளில் யாருக்குச் சளி என்பது வரை ஹம்சா எழுதி வைத்திருந்தாள். மத்திய அரசு அலுவலகங்களில் இப்படி ஒரு நோட்டைப் பார்த்ததில்லை என்று கனகவல்லி பிறகு எட்வினிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து அது பத்மஸ்ரீக்குச் சமம்.

நோட்டின்படி, கறை விழுந்த பிள்ளைகளோடு அதே வருஷங்களில் காப்பகத்தில் வளர்ந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர். பதினோரு பேருக்குக் கறை. மீதி நாலு பேரைத் தேடிப் பார்க்கும் வேலை எட்வினுக்கு விழுந்தது. மறுநாள் சாயங்காலம் மூச்சு வாங்க வந்தார்.

"நாலு பேருக்கும் பல்லு முத்து மாதிரி மேடம்! கேஸை முடிச்சுட்டேன். நாலு பேரும் தினம் முட்டை சாப்பிடறாங்க."

"கறை இருக்கற பசங்க?"

"அவங்களும்..." எட்வின் நிறுத்தினார். "ஹவ், ஆமா. அவங்களும் சாப்பிடறாங்க."

"அந்த நாலு பேரும் எங்கே குடியிருக்காங்க?"

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மெட்டுகுடா. அம்மாங்க ஷிஃப்டுக்கு வர்ற வழியில ஹம்சாகிட்ட விட்டுட்டுப் போவாங்களாம். நம்ம காலனி ஆளுங்களே இல்ல."

"அதே அறை, அதே ஆயா, அதே பேஸ்ட்டு," என்றார் கனகவல்லி. "வீடு மட்டும் வேற."

முட்டைக் கொள்கையை எட்வின் ஓசையின்றிக் கைவிட்டார்.

அடுத்து அவர்கள் போனது லலிதாவின் வீட்டுக்கு. பணிமனையில் கிளார்க். ஹம்சாவுக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை நடத்தியவள் அவள்தான். அதற்குக் காரணம் இருந்தது. அவள் மகன் அபிநவ் பத்து வயதில் சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். புகையிலை மெல்லுகிறவன் பல் என்று வகுப்பில் 'கைனி' என்று கூப்பிடுகிறார்களாம். பல் தேய்ப்பதில்லை என்று அப்பாவிடம் தினம் திட்டு.

"வாயைத் திறடா கண்ணா," என்றார் கனகவல்லி டார்ச்சோடு.

"நக்கோ ஆன்ட்டி, வேணாம்."

"ஒரு நிமிஷம்தான்."

"எந்துக்கு?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, டார்ச் பிடிக்கத் தருவதாக எட்வின் லஞ்சம் பேசியதும் திறந்தான். மேல் முன்பற்கள் நான்கிலும் இடமும் வலமும் ஒரே மாதிரி குறுக்குக் கோடுகள்.

"தேய்ச்சாப் போற அழுக்கு இல்ல இது. பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்பவே உள்ளே விழுந்தது," என்றார் கனகவல்லி லலிதாவிடம். "இவங்க அப்பாகிட்ட சொல்லு, திட்டறதை நிறுத்தச் சொல்லி." பிறகு, மூலையில் போனில் மூழ்கியிருந்த பதினாறு வயது அக்கா சாருலதாவைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் வாம்மா."

"எனக்கு எதுக்கு ஆன்ட்டி? ஐ ஆம் ஃபைன்." சிரித்துக் காட்டினாள். முன்பற்கள் பளிச்சென்று இருந்தன.

"பின்னாடி பார்க்கணும்."

டார்ச் ஒளி கடைவாய்ப் பக்கம் போனது. கனகவல்லி நீண்ட நேரம் பார்த்தார். எட்வினும் தலையை நுழைத்துப் பார்த்தார். முன்பற்களுக்கு அடுத்து, கன்னத்துக்குள் மறைந்திருந்த பற்களில் அதே சுண்ணாம்பு வெள்ளை, அதே பழுப்பு.

"இவ ஹம்சாகிட்ட இருந்தாளா?"

"இல்லயே," என்றாள் லலிதா. "நாங்க இந்தக் காலனிக்கு வந்தப்பவே இவளுக்கு நாலரை வயசு. நேரா ஸ்கூல்ல போட்டுட்டோம். ரெண்டாயிரத்துப் பன்னெண்டு கடைசியில வந்தோம்."

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது எட்வினால் அடக்க முடியவில்லை. "என்ன மேடம், முன்னாடி சுத்தம், பின்னாடி கறை?"

"எல்லாப் பல்லும் ஒரே நாள்ல உருவாகறதில்ல எட்வின். முன்பல் நாலு வயசு வாக்குல உள்ளே கட்டி முடிஞ்சிரும். பின்னாடி இருக்கற அந்தப் பல்லெல்லாம் ஆறு ஏழு வயசு வரைக்கும் கட்டிக்கிட்டே இருக்கும். அந்தப் பொண்ணுக்கு முன்பல் கட்டறப்ப ஃப்ளோரைடு இல்ல. பின்பல் கட்டறப்ப இருந்துச்சு. அவளுக்கு நாலரை, அஞ்சு வயசுல ஏதோ ஒண்ணு புதுசா உள்ளே போயிருக்கு. இப்ப ஏழு வயசுல புதுசா முன்பல் முளைக்கற பசங்களுக்கு அது சுத்தமா இருக்கு. ஆக அது சில வருஷம் இருந்துட்டு நின்னும் போச்சு. காலனி முழுக்க எல்லாரும் குடிச்சது, மெட்டுகுடாக்காரங்க குடிக்காதது. ரெண்டாயிரத்துப் பதிமூணுல இந்தக் காலனிக்குப் புதுசா என்ன வந்துச்சு?"

எட்வின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் அவருடைய வாழ்க்கைப் பெருமைகளில் ஒன்று.

"அமுத ஊற்று மேடம்! சங்கம் போட்ட போர்! மறந்துட்டீங்களா? அப்பல்லாம் குழாய்த் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருதரம்தானே வரும். ராஜகோபால் சார் அறுநூறு அடி தோண்ட வச்சாரு. சித்திரை ஒண்ணாம் தேதி திறப்பு விழா, டெல்லிலேருந்து பெரிய அதிகாரி வர்றாரு, மோட்டார் மட்டும் வந்து சேரல. ஏப்ரல் பன்னெண்டாம் தேதி ராத்திரிதான் லாரில வந்துச்சு. பதிமூணாம் தேதி காலைல குழந்தைங்க விழுந்துறக் கூடாதுன்னு குழாய் வாய்க்கு வெல்டு பண்ணி வச்சிருந்த மூடிய நான்தான் கட்டரால வெட்டினேன். சாயங்காலத்துக்குள்ள மோட்டாரை இறக்கி முதல் தண்ணி எடுத்துட்டேன். என்ன தண்ணி! இளநீர் மாதிரி. பதினேழுல தினம் ஆத்துத் தண்ணி வர ஆரம்பிச்சதும்தானே மூடினாங்க..."

பேசிக்கொண்டே வந்தவர், மூடினாங்க என்ற இடத்தில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார்.

"மேடம். நான் இறக்கின மோட்டாரா?"

"மோட்டாருக்கு என்ன தெரியும் பாவம்," என்றார் கனகவல்லி. "வண்டிய எடுங்க. ராஜகோபால் வீட்டுல காபி நல்லா இருக்கும்."

காலனி சங்கத்துக்கு ராஜகோபால் பத்தொன்பதாவது வருஷமாகச் செயலாளர். ரயில்வே நிர்வாக அலுவலகத்தில் சூப்பரின்டென்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். 'என்னுடைய முயற்சியால்' என்று தொடங்காமல் அவரால் மழை பெய்ததைக்கூடச் சொல்ல முடியாது. காலனியில் அவர் பெயர் பொறித்த சலவைக்கல் ஒன்பது. பத்தாவதுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமுத ஊற்றா?" என்று கண்ணை மூடித் திறந்தார். "அது என்னுடைய முயற்சியால் வந்தது. நாலு வருஷம் இந்தக் காலனியே அதைத்தான் குடித்தது. சர்டிபிகேட் இல்லாமல் ஒரு சொட்டு விடவில்லை. பாருங்கள்."

சுவரில், அவர் அமைச்சர்களோடு நின்ற படங்களுக்கு நடுவே, சந்தன மாலை போட்டு ஒரு சான்றிதழ் தொங்கியது. கனகவல்லி அருகே போய்ப் படித்தார். எட்வினும் தோள் வழியாகப் பார்த்து, கனகவல்லி சொன்னபடி போனில் படம் எடுத்துக்கொண்டார். மாதிரி: அமுத ஊற்று ஆழ்துளைக் கிணறு. மாதிரி கிடைத்த நாள்: 4 ஏப்ரல் 2013. கடினத்தன்மை: 520. ஃப்ளோரைடு: 0.6. குடிக்க உகந்தது.

"பூஜ்யம் புள்ளி ஆறு," என்றார் ராஜகோபால் குரலைத் தாழ்த்தி. "ஒன்றரை வரை போகலாமாம். என் தண்ணீர் பாதிகூட இல்லை. அந்தப் பெண் ஹம்சாமேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் பொதுநலம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

அவர் மனைவி கல்பகம் காபியோடு வந்தாள். "அந்தத் தண்ணியைப் பத்தியா பேசறேள்? ஐயோ, அதுக்கு ஈடு உண்டா! துவரம்பருப்பு ரெண்டே விசில்ல வெண்ணெயா மசியும். சோப்பு நுரை பொங்கும். எங்காத்துக் கொல்லையில இருக்கே ஒரு போர், அதுல ஆறு விசில் வச்சாலும் பருப்பு கல்லுக்குண்டாட்டம் நிக்கும், பக்கெட்டெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்பு ஒட்டிக்கும். அந்தத் தண்ணி வந்தப்புறம் எங்காத்துப் போரைத் தொட்டதே இல்லை."

கனகவல்லி காபியை ஒரு மடக்கு குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருன்னு தெரிஞ்சிடுச்சா மேடம்?" என்றார் எட்வின் வாசலில்.

"எந்தத் தண்ணின்னு தெரிஞ்சிடுச்சு. நாளைக்கு அந்தப் பழைய போர் மூடியைக் கழட்டி ஒரு பாட்டில் தண்ணி எடுத்துக் குடுக்க முடியுமா?"

எட்வினிடம் 'முடியுமா' என்று கேட்பது ஒரு சம்பிரதாயம். கயிறு, பித்தளைக் குழாய், ஒரு வால்வு, ஒன்றரை மணி நேரம். கனகவல்லியிடம் முன்பு உதவியாளராக இருந்தவன் இப்போது ஒரு தண்ணீர் சோதனைக் கூடத்தில் அதிகாரி. சனிக்கிழமை மாலை காகிதம் கைக்கு வந்தது. கனகவல்லி அதைப் பார்த்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார். எட்வினுக்குக் காட்டவில்லை. எட்வின் அன்று இரவு உணவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குச் சங்க ஹால் நிரம்பியது. பின்வரிசையில் ஹம்சா தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள். பானு குழந்தையோடு நாலு வரிசை தள்ளி இருந்தாள். டாக்டர் ரஞ்சன் திரையில் பற்களைப் பெரிதாக்கிக் காட்டி, 'கோரிலேஷன்' என்ற சொல்லைப் பதினொரு தடவை சொன்னார். எட்வின் எண்ணினார். ராஜகோபால் மைக்கை வாங்கி, "கனத்த இதயத்துடன்" என்று ஆரம்பித்தபோது கனகவல்லி எழுந்தார்.

"செகரட்டரி சார், அஞ்சு நிமிஷம். டாக்டர் சொன்னதுல முக்கால்வாசி சரி. நோயோட பேரு சரி. ஃப்ளோரைடுதான் காரணம்ங்கறதும் சரி. எல்லா வாயையும் அவரு பொறுமையாப் பார்க்கலைன்னா நமக்கு இது தெரிஞ்சே இருக்காது."

டாக்டர் தலையைச் சற்றே சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

"அது எங்கேருந்து வந்துச்சுங்கறதுதான் தப்பு."

டாக்டரின் தலை நேராயிற்று.

கனகவல்லி மெட்டுகுடாவிலிருந்து வந்திருந்த நாலு பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொன்னார். "சிரிங்க பார்ப்போம்." சிரித்தார்கள். ஹாலில் சலசலப்பு. "இந்த நாலு பேரும் ஹம்சாகிட்ட அதே பேஸ்ட்டை முழுங்கினவங்க. கறை இல்ல. வீட்டுலயே வளர்ந்த ரெண்டு பசங்களுக்குக் கறை இருக்கு. லலிதா பொண்ணு சாருலதா ஹம்சா அறையை எட்டிப் பார்த்ததில்ல. அவளுக்குப் பின்பல்லுல கறை இருக்கு. லலிதா, நீயே பார்த்தேல்ல?"

லலிதா எழுந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம். "பார்த்தேன்," என்றாள். "எல்லாரும் கேட்டுக்கங்க, நானே டார்ச் அடிச்சுப் பார்த்தேன்."

"ஹம்சா யாருக்கும் தண்ணி குடுக்கறதில்ல. வீட்டுத் தண்ணிதான் பாட்டில்ல வரும். ஆக, காலனி வீட்டுத் தண்ணி குடிச்ச பசங்களுக்குக் கறை. அந்தப் பக்கத்து வீட்டுத் தண்ணி குடிச்ச பசங்களுக்கு இல்ல. ரெண்டாயிரத்துப் பதிமூணுலேருந்து பதினேழு வரைக்கும் நாம எல்லாரும் என்ன குடிச்சோம்?"

ஹாலே திரும்பி, சன்னலுக்கு வெளியே இருந்த அமுத ஊற்றின் சலவைக்கல்லைப் பார்த்தது.

"நேத்து அந்தப் போர்லேருந்து எட்வின் எடுத்துக் குடுத்த தண்ணில ஃப்ளோரைடு நாலு புள்ளி ரெண்டு. ஒண்ணரைக்கு மேல போகக் கூடாது."

"அபாண்டம்!" என்றார் ராஜகோபால். முன்யோசனையோடு சான்றிதழைச் சந்தன மாலையுடனேயே கொண்டுவந்திருந்தார். உயர்த்திப் பிடித்தார். "திறப்பு விழாவுக்கு முன்னால் எடுத்த சோதனை! பூஜ்யம் புள்ளி ஆறு! பதினோரு வருஷத்தில் பூமிக்குள் ஆயிரம் மாறியிருக்கும். அதற்கு ராஜகோபால் பொறுப்பா?"

கூட்டம் தடுமாறியது. நியாயமாகத்தான் தோன்றியது.

"ஒரே ஒரு சமையல் கேள்வி," என்றார் கனகவல்லி. "அந்தத் தண்ணில துவரம்பருப்பு எத்தனை விசில்?"

"ரெண்டு!" என்றது ஹால். பதினோரு வருஷம் கழித்தும் ஒரே குரலில்.

"சார், உங்க சான்றிதழ்ல கடினத்தன்மை எவ்வளவு?"

ராஜகோபால் கண்ணாடியை ஏற்றினார். "ஐந்நூற்று இருபது."

"நான் முப்பத்திரண்டு வருஷம் கொதிகலன் தண்ணி பார்த்தவ. ஐந்நூத்து இருபதுன்னா சுண்ணாம்பு ஊறின தண்ணி. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. சுண்ணாம்பு அதிகமா இருந்தா அது ஃப்ளோரைடைப் பிடிச்சு அடியில தள்ளிடும். சுண்ணாம்பு கம்மியான மெதுத் தண்ணிலதான் அது இஷ்டத்துக்குக் கரைஞ்சு கிடக்கும். நேத்து எடுத்த தண்ணிக்குக் கடினத்தன்மை அறுபது. ரெண்டு விசில்ல பருப்பு மசியற தண்ணி அன்னிக்கும் மெதுவாத்தான் இருந்துச்சு. நாக்குக்கு நல்லா இருக்குன்னு நாம கொண்டாடினோமே, அந்த ருசிதான் எச்சரிக்கை. இந்தக் காகிதத்துல இருக்கற தண்ணி, நாம குடிச்ச தண்ணி இல்ல. எட்வின், மாதிரி கிடைச்ச தேதியைப் படிங்க."

எட்வின் போனில் எடுத்த படத்தை விரித்தார். மைக் அவர் பக்கம் வந்தது.

"ஏப்ரல் நாலு, ரெண்டாயிரத்துப் பதி..."

நின்றுவிட்டார். இரண்டு நாளாகச் சட்டைப்பையில் இருந்த தேதி. அவர்தான் படம் எடுத்தார். அதைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் ஸ்கூட்டர் ஓட்டினார்.

"சார்," என்றார் ராஜகோபாலைப் பார்த்து. அவர் குரலில் கோபமில்லை, குழப்பம்தான். "போர் வாய் வெல்டு பண்ணி மூடியிருந்துச்சே. பதிமூணாம் தேதி நான்தானே வெட்டினேன். ஒம்பது நாளைக்கு முன்னாடி உங்களுக்கு அதுலேருந்து தண்ணி எப்படிக் கிடைச்சுது?"

ராஜகோபால் வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷமாக அவரைக் கைவிடாத முதல் வார்த்தை அன்று வரவில்லை.

அதற்குள் மூன்றாவது வரிசையில் கல்பகம் எழுந்து நின்றாள்.

"நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்," என்றாள். "எங்காத்துக் கொல்லைப் போர்ல. ஏன்னா, ஞாபகம் இல்லையா? மோட்டார் வரலை, அழைப்பிதழ் அடிச்சாச்சு, சர்டிபிகேட் இல்லாம அந்தப் பெரிய மனுஷர் ரிப்பன் வெட்ட மாட்டாராம், எல்லாம் ஒரே மண்ணுதானேடி, ஒரு பாட்டில் பிடின்னேள். பிடிச்சேன். நன்னா அலம்பித்தான் பிடிச்சேன்."

ஹாலில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். அபிநவ் அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது.

அடுத்து ராஜகோபால் செய்ததை எட்வின் பல நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஓடவில்லை, கத்தவில்லை. மாலை போட்ட சான்றிதழை மேஜைமேல் குப்புற வைத்தார். மைக்கைச் சரிசெய்தார். "என் கொல்லைப் போர் எழுபது அடி தள்ளித்தானே இருக்கிறது என்று நினைத்தேன்," என்றார். "விழாத் தேதியை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. தப்பு என்னுடையது. அந்தப் பெண்ணுடையது இல்லை." அந்த மைக்கில் இதற்கு முன் அப்படி ஒரு வாக்கியம் ஒலித்ததில்லை, இருந்தும் அது தெளிவாகவே கேட்டது.

"இனிமே புதுசா யாருக்கும் ஒண்ணும் ஆகாது," என்றார் கனகவல்லி கூட்டத்திடம். "தண்ணி நின்னு ஏழு வருஷம் ஆச்சு. கறை விழுந்த பசங்களுக்கு என்ன பண்ணலாம்னு டாக்டர் சொல்லட்டும். சங்கம் அந்தச் செலவை ஏத்துக்கட்டும். இனி எங்கே போர் போட்டாலும் அந்தப் போர்த் தண்ணியையே பிடிச்சு அனுப்புங்க. நாக்கையும் குக்கரையும் நம்பாதீங்க."

டாக்டர் ரஞ்சன் லேப்டாப்பை மூடிவிட்டு அருகே வந்தார். "மேடம், அந்த நாலு பேர், ரெண்டு பேர், அந்தப் பின்பல் கேஸ்... பிரில்லியன்ட். என் ஆய்வுக் கட்டுரையில் சேர்த்துக்கலாமா?"

"தாராளமா. முதல்ல ஹம்சா பேரை எடுத்துடுங்க. அப்புறம் அவ நோட்டுக்கு நன்றின்னு ஒரு வரி போடுங்க. நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல, அவ எழுதி வச்சிருந்ததைப் படிச்சேன்."

டாக்டரைப் பாராட்டத்தான் வேண்டும், அதைக் குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. பலர் ஹம்சாவைத் தாண்டிப் போகும்போது செருப்பைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். லலிதா மட்டும் நின்று, "கையெழுத்து வாங்கினது நான்தான்," என்றாள். "தெரியும்," என்றாள் ஹம்சா.

எட்வின் கதவருகே காத்திருந்தார். உள்ளே போய் ஏதாவது சொல்லலாம் என்று ஓரடி எடுத்து வைத்தார். கனகவல்லி அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

பானு நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்துகொண்டிருந்தாள். குழந்தை பசியோ தூக்கமோ, தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஹம்சாவின் முன்னால் நின்றாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த முகமாகவும் இல்லை. குழந்தையை அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு ஏழு மணி ஷிஃப்ட்டு அக்கா," என்றாள். "ஆறரைக்குக் கொண்டாந்து விடட்டுமா?"

ஹம்சா குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆறேகாலுக்கே கொண்டா," என்றாள். "நாலஞ்சு நாள் விட்டுப் போச்சுல்ல. நீ கிளம்பினதும் அழுவா. அழுது முடிக்க அவளுக்கும் நேரம் வேணும்."